நூற்பாலையில் பேனல் பெட்டிக்குள் இருக்கும் கணினி மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் முறை

பஞ்சைச் சீவும் கார்டிங், நூல் நூற்கும் ரிங் ஃபிரேம், நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் வரிசைகளுக்கு நடுவே ஓர் இரும்புப் பெட்டி நிற்கும். உள்ளே ஒரு கணினி, உள்வரும் மின்சாரத்தை 24 வோல்ட்டாக்கிக் கொடுக்கும் ஒரு எஸ்.எம்.பி.எஸ்., ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச். கதவில் ஒரு தொடுதிரை. ஷிஃப்ட் உற்பத்தியும் நூல் அறுப்புக் கணக்கும் இதில்தான் ஏறுகின்றன. அது நின்றதும் "கணினி போச்சு" என்பார்கள். பெரும்பாலும் கெட்டிருப்பது பெட்டி. பஞ்சு புகுந்திருக்கும், சூடு வெளியேற வழியில்லாமல் இருக்கும், ஈரம் இறங்கியிருக்கும். பெட்டியைச் சரிசெய்யாமல் புதுக் கணினியை வாங்கி உள்ளே வைத்தால் அதற்கும் அதே கதிதான். அதனால் கீழே எந்த அறிகுறியிலும் பெட்டியிலிருந்தே தொடங்கியிருக்கிறோம். செலவில்லாத சோதனை முதலில், காசு கேட்கும் வேலை கடைசியில்.

## கருகல் வாடை வந்தால் முதலில் இது

மற்ற எதையும் படிக்க வேண்டாம். பெட்டிக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்சான எம்.சி.பி.யை அணையுங்கள். யு.பி.எஸ். இருந்தால் அதையும் அணையுங்கள். எம்.சி.பி. விழுந்தாலும் யு.பி.எஸ். உள்ளே 230 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இதை மறந்து கை வைப்பவர்கள் உண்டு. கரியமில வாயு அணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கதவைச் சிறிது சிறிதாகத் திறந்து பாருங்கள். சட்டென முழுக்கத் திறந்தால் காற்றுப் பட்டு, கனன்றுகொண்டிருக்கும் பஞ்சு பற்றிக்கொள்ளும். தண்ணீர் கூடவே கூடாது. ஏர் கன்னால் ஊதவும் கூடாது, நெருப்புப் பொறி பறந்து பக்கத்து மெஷினின் பஞ்சில் விழும்.

வாடை எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்தோ டெர்மினலிலிருந்தோ வந்திருந்தால் அந்தப் பாகத்தை மாற்றிய பிறகுதான் மின்சாரம். துடைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்ப்பது பஞ்சு நிறைந்த இடத்தில் செய்யக்கூடிய காரியம் இல்லை.

## கை வைப்பதற்கு முன்

எம்.சி.பி.யை அணைத்துப் பூட்டு மாட்டுங்கள். அதே பெட்டியில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் இருந்தால் அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். சீட்டு அழிந்திருந்தால் 10 நிமிடம் விடுங்கள். பிறகு மல்டிமீட்டரால் அளந்து பார்த்தே தொடுங்கள்.

வேண்டியவை: மல்டிமீட்டர், கம்பி முனை உள்ள வெப்பமானி இரண்டு, டார்ச், ஒரு ஏ4 தாள், மெல்லிய பிரஷ், வேக்கம் கிளீனர், மணிக்கட்டில் மாட்டும் எர்த் பட்டை.

ஏர் கன் இந்தப் பட்டியலில் இல்லை. மெஷினை ஊதிச் சுத்தம் செய்த கையோடு பேனலையும் ஊதுவது எல்லா மில்லிலும் பழக்கமாகிவிட்டது. ஊதும்போது பஞ்சு வெளியே போவதைவிட ரேம் ஸ்லாட்டுக்குள்ளும் கனெக்டருக்குள்ளும் போவதுதான் அதிகம். கம்ப்ரஸர் லைனில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். அந்த வேகத்தில் சுற்றும் ஃபேனின் பேரிங் கெடும், சுழலும் ஃபேன் பின்னோக்கி மின்சாரத்தை உண்டாக்கி போர்டுக்கு அனுப்பவும் செய்யும். பிரஷ்ஷால் தளர்த்தி, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, வேக்கத்தால் உறிஞ்சுங்கள்.

## அறிகுறி: மதியத்துக்கு மேல் மெதுவாகிறது, அல்லது தானாக அணைகிறது

இரவு ஷிஃப்ட்டில் ஒழுங்காக ஓடி, மதியம் 2 மணிக்கு மேல் தகராறு என்றால் சூடு. நேரம் காலமில்லாமல் அணைந்தால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள். சந்தேகமாக இருந்தால் விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து பாருங்கள். "கெர்னல்-ப்ராசஸர்-பவர் 37" என்று இருந்தால் ப்ராசஸரின் வேகம் குறைக்கப்பட்டிருக்கிறது; சூடாக இருக்க வாய்ப்பு அதிகம். "கெர்னல்-பவர் 41" என்பது முறையாக மூடாமல் அணைந்தது என்று மட்டும் சொல்லும், ஏன் என்று சொல்லாது. அதை வைத்து யாரும் முடிவுக்கு வரவேண்டாம்.

### ஃபில்டரைப் பாருங்கள்

பெட்டியின் கீழ்ப் பக்கக் கிரில்லைக் கழற்றினால் பஞ்சு போர்வை மாதிரி ஒட்டியிருக்கும். மேலே காற்று வெளியேறும் கிரில்லில் ஒரு மெல்லிய டிஷ்யூ தாளைப் பிடியுங்கள். தாள் தூக்கவில்லை என்றால் காற்றே போகவில்லை. ஃபில்டரைக் கழுவலாம், ஆனால் இரண்டு மூன்று முறைக்கு மேல் கழுவினால் இழைகள் விலகித் தூசியை உள்ளே விடும். கழுவியதை முழுக்கக் காயவைத்தே மாட்டுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் மாற்று ஃபில்டர் ஒன்று கதவின் உள்பக்கத்திலேயே தொங்கட்டும்; இல்லையென்றால் "காய்கிறது" என்று சொல்லி ஃபில்டர் இல்லாமலேயே ஒரு வாரம் ஓடிவிடும்.

ரிங் ஃபிரேமில் ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் கிரில்லைக் கையால் துடைப்பதும், வாரம் ஒருமுறை ஃபில்டரை மாற்றுவதும் நல்ல தொடக்கம். பஞ்சுப் பொதியைப் பிரிக்கும் ப்ளோரூமிலும் கார்டிங்கிலும் அது போதாது. கிரில்லுக்கு வெளியே சன்னக் கம்பிவலை ஒன்றை மாட்டினால் நீளப் பஞ்சு அங்கேயே நின்றுவிடும், துடைப்பதும் ஒரு கை வேலைதான். மெஷின்களுக்கு மேலே நகர்ந்து பஞ்சை ஊதும் ஓவர்ஹெட் கிளீனர் ஓடும் பாதைக்கு நேர் கீழே பெட்டி இருந்தால், எத்தனை ஃபில்டர் மாற்றினாலும் தீராது. பெட்டியை ஒரு மீட்டர் நகர்த்துவதே அதற்கு மருந்து.

### ஃபேன் எந்தப் பக்கம் ஊதுகிறது?

ஃபேன் சுற்றினால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். சுற்றும் ஃபேன்தான் பல பெட்டிகளைக் கெடுக்கிறது. ஃபேனின் பக்கவாட்டில் இரண்டு அம்புக்குறிகள் இருக்கும்: ஒன்று சுழலும் திசை, மற்றது காற்று போகும் திசை. ஃபில்டருடன் கீழே இருந்து உள்ளே ஊத வேண்டும். மேலே கிரில் வழியாகக் காற்று தானாக வெளியேற வேண்டும். அப்போது பெட்டிக்குள் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். கதவு இடுக்கில், கேபிள் துளையில் காற்று வெளியேதான் கசியும், பஞ்சு உள்ளே வராது.

மேலே இருந்து உறிஞ்சி வெளியே தள்ளும்படி ஃபேனை மாட்டினால் எல்லாம் தலைகீழாகிவிடும். ஃபில்டர் அடைக்க அடைக்க, பெட்டி எந்த இடுக்கு கிடைத்தாலும் அதன் வழியே காற்றை இழுக்கும். கேபிள் நுழையும் துளையை இறுக்கி அடைக்கும் கிளாண்டைச் சுற்றியும், கதவின் கீழ் மூலையிலும், பூட்டுத் துளையைச் சுற்றியும் பஞ்சு கோடுகோடாகப் படிந்திருந்தால் ஃபேன் உறிஞ்சுகிறது என்று பார்த்த உடனே சொல்லிவிடலாம். ஃபேனை எடுத்துத் திருப்பி மாட்டுங்கள். செலவு நான்கு ஸ்குரு.

இரும்பு வார்க்கும் ஃபவுண்டரிக்கு இது பொருந்தாது. அங்கே தூசியில் இரும்புத் துகளும் கரித்தூளும் இருக்கும். இரண்டும் மின்சாரத்தைக் கடத்தும். எந்த ஃபில்டரைப் போட்டு ஊதினாலும் கொஞ்சம் உள்ளே போய் போர்டில் படிந்து ஷார்ட் ஆகும். அங்கே மூடிய பெட்டி மட்டும்தான்.

### பெட்டிக்குள் இடம் இருக்கிறதா?

ஃபேன் இல்லாத கணினிகளில் உடம்பே சூடு தள்ளும் பாகம். அதன் வரிப்பள்ளங்கள் செங்குத்தாக நிற்க வேண்டும், மேலும் கீழும் 50 மி.மீ. காலியிடமாவது வேண்டும். கேபிள் கட்டை அதன் மேல் சாய்த்துவைப்பது, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு நேர் மேலே கணினியை மாட்டுவது, இரண்டும் அடிக்கடி பார்க்கும் தவறு. டிரைவ் ஒன்று அதே பெட்டியில் இருந்தால் பெட்டியின் சூட்டில் பெரும்பங்கு அதுதான். கணினியை மாற்ற யோசிக்கும் முன் டிரைவை வேறு பெட்டிக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

### அளந்து பாருங்கள்

ஒரு வெப்பமானியின் முனையைப் பெட்டிக்கு வெளியே, ஃபில்டருக்கு அருகில் வையுங்கள். இன்னொன்றை உள்ளே, மேல் பகுதியில், கணினிக்கு ஒட்டி வையுங்கள். கதவை மூடி இரண்டு மணி நேரம் வழக்கம்போல ஓடட்டும். வித்தியாசம் 10 டிகிரிக்குள் என்றால் பெட்டி மேல் குற்றமில்லை. 15-ஐத் தாண்டினால் ஃபேன், ஃபில்டர், இடவசதி மூன்றில் ஒன்று தவறு.

உள் வெப்பத்தைக் கணினியின் பெயர்ப்பலகையோடு ஒப்பிடுங்கள். அலுவலகக் கணினிகள் பொதுவாக 35 டிகிரி வரைக்குமே தயாரிக்கப்பட்டவை. ரிங் ஃபிரேம் பிரிவின் காற்றே பல நாள் அந்த அளவைத் தொடும். அதற்கு மேல் பெட்டிச் சூடு 10 டிகிரி சேர்ந்தால் அந்தக் கணினிக்கு மிச்சம் ஒன்றுமே இல்லை. தொழிற்சாலைக் கணினிகள் 50 அல்லது 60 டிகிரி வரை தாங்கும் என்று எழுதியிருக்கும். விலை வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஃபேனே இல்லாத மூடிய பெட்டி தாங்குமா என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். 600 மி.மீ. அகலம், 800 மி.மீ. உயரம், 300 மி.மீ. ஆழத்தில் சுவரில் மாட்டிய, பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி, உள்ளே வெளியே ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் 7.5 வாட் சூட்டை வெளியேற்றும். உள்ளே மொத்தம் 120 வாட் என்றால் 16 டிகிரி கூடும். வெளியே 35 என்றால் உள்ளே 51.

ஃபேன் போடுவதாக இருந்தால்: வாட்டை 3.1 ஆல் பெருக்கி, நீங்கள் அனுமதிக்கும் டிகிரி வித்தியாசத்தால் வகுத்தால் மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று வேண்டும் என்று வரும். 120 வாட், 8 டிகிரி என்றால் ஏறக்குறைய 47. இதை அப்படியே எடுத்துக்கொண்டு 50 கன மீட்டர் ஃபேன் வாங்காதீர்கள். ஃபேன் அட்டையில் இருக்கும் அளவு ஃபில்டர் இல்லாமல் எடுத்தது. பஞ்சு படியும் இடத்தில் இரண்டு மடங்காவது வாங்குங்கள்.

### இவையெல்லாம் சரியாக இருந்தும் சூடு குறையாவிட்டால்

பெட்டியின் உள் வெப்பம் 40-க்குக் கீழே இருந்தும் ப்ராசஸர் மட்டும் 95 டிகிரியைத் தொட்டால், உள்ளே தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும் அல்லது ப்ராசஸர் ஃபேன் நின்றிருக்கும். பேஸ்ட் மாற்றுவது கணினி மெக்கானிக்கின் அரை மணி நேர வேலை.

பெட்டி வெப்பமே அதிகம் என்றால் வரிசை இது: சூடான பாகத்தை வெளியே மாற்றுவது, பெரிய பெட்டி, ஃபேன் இல்லாத தொழிற்சாலைக் கணினி, உள்காற்றும் வெளிக்காற்றும் கலக்காத வெப்பமாற்றி, கடைசியாகப் பெட்டியிலேயே மாட்டும் பேனல் ஏ.சி. வெப்பமாற்றி வெளிக் காற்றைவிடக் குளிர்ச்சியாக உள்ளே வைக்காது. வெளியே 45 டிகிரி ஆகும் இடத்தில் அதை வாங்கி ஏமாறாதீர்கள். பேனல் ஏ.சி.க்கும் வெளிப்புறம் ஒரு கன்டென்சர் உண்டு, அதற்கும் பஞ்சு அடைக்கும். துடைக்க ஆள் இல்லாத இடத்தில் அது இன்னும் ஒரு தலைவலி. கம்ப்ரஸர் காற்றில் ஓடும் வோர்டெக்ஸ் கூலரைச் சிலர் மலிவென்று மாட்டுகிறார்கள். நிமிடத்துக்கு 25 கன அடி குடிக்கும் ஒரு கூலருக்காகக் கம்ப்ரஸர் ஏறக்குறைய 6 குதிரைத்திறன் செலவழிக்கிறது. ஒரு வருட மின்கட்டணத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பேனல் ஏ.சி. ஓடியும் குளிரவில்லை, கன்டென்சரும் சுத்தம் என்றால் கேஸ் குறைந்திருக்கும். அது ஏ.சி. மெக்கானிக்கின் வேலை, நீங்கள் திறக்க வேண்டாம்.

கதவைத் திறந்துவைத்துப் பெடஸ்டல் ஃபேனை ஊதவிடுவது மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். அன்றைக்கு ஓடும். அந்த ஒரு நாளில் ஏறும் பஞ்சுதான் அடுத்த மாதம் கணினியை நிறுத்தும். மின்சாரம் ஓடும் பாகங்கள் வெளியே தெரியும்படி திறந்து கிடப்பதும் ஆபத்து.

## அறிகுறி: நேரம் காலமில்லாமல் சட்டென ரீஸ்டார்ட் ஆகிறது

பெரிய மோட்டார் கிளம்பும்போது நடக்கிறதா என்று ஓர் ஆளை நிறுத்திப் பாருங்கள். ஆம் என்றால் மின்சாரம். இல்லையென்றாலும் முதலில் மின்சாரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

டெர்மினல் ஸ்குருக்கள். மின்சாரத்தை அணைத்து, கணினிக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் போகும் எல்லா ஸ்குருவையும் இறுக்கிப் பாருங்கள். அதிர்வில் தளரும். பிரிபிரியான கம்பிக்கு லக் (முனையில் அமுக்கி மாட்டும் உலோகத் துண்டு) போடாமல் நேராகச் செருகியிருந்தால் இறுக்கினாலும் மறுபடி தளரும், லக் போடுங்கள்.

24 வோல்ட்டை எங்கே அளக்கிறீர்கள்? எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அளந்து 24 இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். கணினியின் கனெக்டரில், கணினி ஓடும்போது அளங்கள். அங்கே ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் கம்பி மெலிது அல்லது இணைப்பு கெட்டது. மீட்டரில் குறைந்தபட்சத்தைப் பிடித்துவைக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிட்டு, பக்கத்து மெஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்திக் கிளப்புங்கள். பிடிபட்ட மிகக் குறைந்த அளவைக் கணினியின் பெயர்ப்பலகையில் உள்ள எல்லையோடு ஒப்பிடுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். அதே எஸ்.எம்.பி.எஸ்.ஸில் சென்சார், சோலினாய்டு, ரிலே எல்லாம் தொங்குகிறதா? கணினிக்குத் தனி எஸ்.எம்.பி.எஸ். வையுங்கள். பெட்டி வெப்பம் 50 டிகிரியைத் தாண்டினால் பல எஸ்.எம்.பி.எஸ்.கள் எழுதியிருக்கும் ஆம்பியரைக் கொடுக்காது. உள்ளிருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள், ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் பாதியாகிறது. சூடான பெட்டியில் எஸ்.எம்.பி.எஸ். அடிக்கடி போனால் எஸ்.எம்.பி.எஸ். கம்பெனியை மாற்றிப் பயனில்லை; மேலே சூடு பற்றிச் சொன்னதைச் செய்யுங்கள்.

யு.பி.எஸ். பேட்டரி. உள்வரும் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். ஒரு நிமிடம் கூடத் தாங்காவிட்டால் பேட்டரி செத்துவிட்டது. பேட்டரிக்கும் சூடு ஆகாது, 25 டிகிரிக்கு மேல் ஆயுள் மளமளவென்று குறையும். பேனல் பெட்டிக்குள் யு.பி.எஸ்.ஸைத் திணிக்காமல் அலுவலக அறையில் வைத்துக் கம்பி இழுப்பது நல்லது.

எர்த். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தால் 2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கதவுக்கும் பெட்டி உடம்புக்கும் நடுவே பின்னல் எர்த் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கீலை நம்ப முடியாது, பெயின்ட் தடுக்கும்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய இடம்: நியூட்ரல்-எர்த் 5 வோல்ட்டைத் தாண்டினால், உள்வரும் மின்சாரம் 207-க்குக் கீழும் 253-க்கு மேலும் போய்வந்தால், மெயின் போர்டில் நியூட்ரல் சூடாக இருந்தால். உரிமம் பெற்றவர் வரட்டும். நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் சாதனத்துக்கு 400 வரை ஏறலாம், அப்போது பெட்டியிலுள்ள எல்லாமும் போகும்.

## அறிகுறி: லீவு முடிந்து திறந்த அன்று ஆன் ஆகவில்லை

தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால், அல்லது கணினி ஆன் ஆகி "டிஸ்க் இல்லை" என்றால், மதர்போர்டின் சி.ஆர். 2032 பேட்டரியை அளங்கள். 2.8 வோல்ட்டுக்குக் கீழே என்றால் மாற்றி, பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) தேதியையும், எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்க வேண்டும் என்னும் பூட் வரிசையையும் சரிசெய்யுங்கள். பொங்கலுக்கு நாலு நாள் மில் நின்றால்தான் இது வெளியே தெரியும், அதுவரை மின்சாரம் மறைத்துக்கொண்டிருக்கும்.

பீப் சத்தம் மட்டும் வந்தால் ரேமைக் கழற்றி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் தொட்ட பஞ்சில்லாத துணியால் முனையைத் துடைத்து, 'கிளிக்' என்று உட்காரும் வரை அழுத்துங்கள். அதற்கும் வரவில்லையென்றால் உள்ளே ஈரம் இறங்கியிருக்கிறதா என்று அடுத்த பகுதியைப் பாருங்கள். ஈரம் இருக்கும் போர்டுக்குத் திரும்பத் திரும்ப மின்சாரம் கொடுப்பதுதான் அதை நிரந்தரமாகக் கொல்வது.

## அறிகுறி: உள்ளே ஈரம், துரு, செம்பில் பச்சைப் படிவு

### பேனல் ஏ.சி. இருக்கும் பெட்டி

முதலில் ஏ.சி.யின் வெப்ப அளவைப் பாருங்கள். யாரோ ஒருவர் 22-க்கு வைத்திருப்பார், "நன்றாகக் குளிரட்டும்" என்று. 35 டிகிரியும் 60 சதவீத ஈரமும் உள்ள காற்று 26 டிகிரியில் நீராக ஊறும். மில் காற்று ஏறக்குறைய இதுதான், நூல் அறாமல் இருக்க ஈரத்தை நாமே ஏற்றுகிறோம். அந்தக் காற்று 22 டிகிரிப் பெட்டிக்குள் போனால் போர்டின் மேலேயே முத்துமுத்தாகத் தண்ணீர் நிற்கும். ஏ.சி.யை 33 முதல் 35 வரை வையுங்கள். தொழிற்சாலைக் கணினிக்கு அது குளிர்ச்சியே, மின்சாரமும் மிச்சம்.

பிறகு வடிகால் குழாய். பஞ்சும் பாசியும் சேர்ந்து அடைத்தால் தண்ணீர் பெட்டிக்குள் திரும்பும். குழாய் எங்கும் மேலேறாமல், மடியாமல், நேராகக் கீழிறங்க வேண்டும். கதவு திறந்தால் ஏ.சி. நிற்கும்படி ஒரு லிமிட் ஸ்விட்ச் போடுங்கள். திறந்த கதவோடு ஓடும் ஏ.சி. மில்லின் ஈரத்தையெல்லாம் பெட்டிக்குள் பிழிந்துகொண்டிருக்கும்.

### ஏ.சி. இல்லாத பெட்டி

கதவின் ரப்பரைச் சோதியுங்கள். ஏ4 தாளை ஒரு அங்குலப் பட்டையாகக் கிழித்து, கதவுக்கும் பெட்டிக்கும் நடுவே வைத்துப் பூட்டி, இழுங்கள். சிக்கிக்கொண்டு வந்தால் சரி. வழுக்கி வந்தால் அந்த இடத்தில் அடைப்பு இல்லை. நான்கு மூலையிலும், கீல் பக்கமும், பூட்டுப் பக்கமும் செய்யுங்கள். ரப்பர் நசுங்கித் தட்டையாகியிருந்தால் மாற்றுங்கள். ரப்பர் நன்றாக இருந்தும் வழுக்கினால் கீல் இறங்கியிருக்கிறது. லேத், சி.என்.சி. பக்கம் இருக்கும் பெட்டியில் ஈ.பி.டி.எம். ரப்பர் போடாதீர்கள், எண்ணெய் பட்டால் ஊதிப்போகும்.

மேலே ஓட்டை போட்டிருக்கிறார்களா? கேபிள் கீழிருந்துதான் நுழைய வேண்டும், நுழையும் முன் ஒரு வளைவு தொங்க வேண்டும், தண்ணீர் அங்கே சொட்டிவிடும். தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாத ஐ.பி. 65 என்று வாங்கிய பெட்டியின் தலையில் கிளாண்ட் இல்லாமல் ஒரு 20 மி.மீ. துளை போட்ட நொடியே அது 65 இல்லை. பழைய துளைகளை பிளாங்க் பிளக் வைத்து மூடுங்கள். சிலிக்கான் பூசுவதாக இருந்தால் வினிகர் வாடை அடிக்கும் வகையை வாங்காதீர்கள். அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். வாடையில்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

லீவு நாட்களில் பெட்டி ஆறி, இரவில் உள்ளே ஈரம் படியும். உள்ளே ஒரு சிறு ஹீட்டரையும், ஈரம் 65 சதவீதத்தைத் தொட்டதும் அதை ஓடவைக்கும் ஹைக்ரோஸ்டாட்டையும் மாட்டுங்கள். அது வரும்வரை லீவிலும் பெட்டியை அணைக்காமல் விடலாம், பஞ்சு நீக்கிச் சுத்தமாக இருந்தால் மட்டும். சிலிக்கா ஜெல் பொட்டலம் முழுக்க மூடிய பெட்டிக்கே உதவும். ஃபேன் வைத்த பெட்டியில் அது வெளிக் காற்றையெல்லாம் உலர்த்தப் பார்த்து ஒரே நாளில் தோற்கும்.

### சாயப்பட்டறைப் பெட்டி

திருப்பூர், ஈரோடு பக்கம் சாயம் போடும் இடங்களில் பிரச்சினை ஈரத்தோடு நிற்பதில்லை. ஹைட்ரோஸ் என்று சொல்லும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்டிலிருந்து கந்தக வாயு வரும். செம்பும் வெள்ளிக் கான்டாக்ட்டும் கறுக்கும். ரிலே வேலை செய்வதுபோல் 'கிளிக்' என்னும், மின்சாரம் போகாது. அங்கே ஃபில்டர் ஃபேன் போடவே கூடாது, ஃபில்டர் வாயுவைத் தடுக்காது. முழுக்க மூடிய எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பெட்டி, ஃபேன் இல்லாத கணினி, பூச்சு கொடுத்த போர்டு. உப்பு அதிகம் புழங்கும் இடத்தில் 304-ஐவிட 316 எஸ்.எஸ். தாங்கும். இருக்கும் பெட்டியைச் சாயத் தொட்டியிலிருந்து தள்ளி, காற்று வரும் பக்கத்துக்கு மாற்றுவது இவை எல்லாவற்றையும்விட மலிவு.

### தண்ணீர் பட்ட போர்டு

மின்சாரம் கொடுக்காதீர்கள். பயாஸ் பேட்டரியையும் கழற்றுங்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் பிரஷ்ஷில் துடைத்து, 48 மணி நேரம் காற்றோட்டமாக வையுங்கள். சிப்புகளின் கால்களுக்கு நடுவே வெள்ளை அல்லது பச்சைப் பொடி இருந்தால் அந்தப் போர்டை நம்பி மெஷினை ஓட்டாதீர்கள். அங்கே சர்வீஸ் சென்டர்.

## அறிகுறி: கணினி உறைகிறது, ஃபைல் கெடுகிறது, டிஸ்க் பிழை

ஈவென்ட் வியூவரில் "டிஸ்க் 7" அல்லது "153" வந்தால் இங்கே. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் மென்பொருளான கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறந்து ஸ்மார்ட் பட்டியலில் சி7 வரிசையைப் பாருங்கள். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் மேல் பழியில்லை, அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான். பூட்டுள்ள புதுக் கேபிளைப் போட்டாலே தீரும். 05, சி5 வரிசைகள் ஏறினால் டிஸ்க்கே போகிறது. அன்றைக்கே நகல் எடுங்கள்.

சுழலும் ஹார்ட் டிஸ்க் இன்னும் இருந்தால் எஸ்.எஸ்.டி.க்கு மாறுங்கள். ரிங் ஃபிரேம் பக்கமும் தறி பக்கமும் அதற்கு இடமில்லை. பெட்டியை மெஷினின் உடம்பில் மாட்டியிருந்தால் தூணுக்கு மாற்றுங்கள். முடியாதென்றால் ரப்பர் அடி வைத்து மாட்டலாம், ஆனால் ரப்பர் எர்த்தையும் துண்டித்துவிடும். தனியாக எர்த் கம்பி இழுக்க மறக்காதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் விண்டோஸ் அடிக்கடி கெட்டால், யாரோ ஷிஃப்ட் முடிவில் மெயினை அப்படியே அணைக்கிறார்கள். யு.பி.எஸ். சிக்னலில் தானாக ஷட்டவுன் ஆகும்படி அமையுங்கள். ஓடும் நிலையிலுள்ள முழு டிஸ்க் நகலை வேறொரு எஸ்.எஸ்.டி.யில் எடுத்து, எந்த மெஷினுடையது என்று எழுதி, அலுவலக அலமாரியில் வையுங்கள். அது இருந்தால் 20 நிமிட வேலை. இல்லையென்றால் சாஃப்ட்வேர் கம்பெனி ஆள் வரும்வரை மெஷின் கணக்கு இல்லை.

## அறிகுறி: தொடுதிரை தானாக அமுங்குகிறது, அல்லது ஓரங்களில் வேலை செய்யவில்லை

திரைக்கும் சுற்றுச் சட்டத்துக்கும் நடுவே பஞ்சும் எண்ணெயும் இறுகி, திரையை யாரோ விரலால் அழுத்துவதுபோல் அழுத்திக்கொண்டிருக்கும். பிளாஸ்டிக் அட்டையால் ஓரத்தைச் சுரண்டி எடுங்கள். பின்புறப் பிடிப்பு ஸ்குருக்களை ஒருபக்கம் மட்டும் மிகையாக இறுக்கினாலும் இதே கோளாறு வரும். எல்லாவற்றையும் தளர்த்தி, எதிரெதிர் மூலையாகச் சம அளவில் இறுக்குங்கள். பிறகு காலிபரேஷன்.

டிரைவ் ஓடும்போது மட்டும் தானாக அமுங்கினால் கதவின் எர்த் பட்டையைப் பாருங்கள், திரையின் யு.எஸ்.பி. கேபிளில் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள். ஒரே இடம் மட்டும் எப்போதும் செத்திருந்தால் ரெசிஸ்டிவ் படலம் தேய்ந்துவிட்டது. தொடு கண்ணாடியை மட்டும் தனியாக மாற்றலாம், முழுத் திரையும் வாங்கத் தேவையில்லை.

## அறிகுறி: மெஷின் தரவு விட்டுவிட்டு வருகிறது

மெஷின்களை இரண்டு கம்பியில் இணைக்கும் ஆர்.எஸ். 485 லைன் என்றால் எல்லாவற்றையும் அணைத்து ஏ, பி கம்பிகளுக்கு நடுவே ஓம் அளங்கள். 60-ஐ ஒட்டி வந்தால் இரண்டு முனையிலும் இருக்க வேண்டிய 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. 120 வந்தால் ஒரு முனையில் இல்லை. 40 வந்தால் நடுவில் யாரோ மூன்றாவதாக ஒன்றைப் போட்டிருக்கிறார்கள்.

சிக்னல் கேபிள் டிரைவ்-மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் ஓடினால் 300 மி.மீ. தள்ளுங்கள், குறுக்கே வெட்டவேண்டிய இடத்தில் நேர்செங்குத்தாக வெட்டட்டும். யு.எஸ்.பி. கேபிள் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது, ஈத்தர்நெட் 100 மீட்டரை. ஸ்விட்ச்சில் காலியாக இருக்கும் போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். பஞ்சு புகுந்த போர்ட்டில் நாளைக்கு கேபிளைச் செருகினால் பஞ்சும் சேர்ந்து உள்ளே இறுகும்.

## ஆளைக் கூப்பிடுவதாக முடிவெடுத்தால்

போனிலேயே இவற்றைச் சொல்லுங்கள்: கணினி, எஸ்.எம்.பி.எஸ். இரண்டின் பெயர்ப்பலகைப் படம். பெட்டியின் உள், வெளி வெப்பம். கணினி முனையில் அளந்த குறைந்தபட்ச வோல்ட். கோளாறு வந்த நாள், நேரம் கடைசி ஐந்து முறை. இவ்வளவு தெரிந்தால் வருபவர் சரியான பாகத்தோடு வருவார்.

அவர் வேலை முடித்துக் கிளம்பும் முன் பெட்டியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கழற்றிய கிளாண்ட் மறுபடி இறுகியிருக்கிறதா, புதிதாகப் போட்ட துளைக்குப் பிளக் இருக்கிறதா, ஃபேன் உள்ளே ஊதுகிறதா, தாள் கதவில் சிக்குகிறதா. வெப்பமானியின் முனையை உள்ளேயே விட்டு, மறுநாள் மதியம் 3 மணிக்கு ஒருமுறை படியுங்கள்.